வேற பாணி பாடகர்களைக் கேட்கவே கூடாதுன்னு சொல்றது ஏன்? கரானா சண்டை, பாணி சண்டை பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோடிப்பிரியா:

எல்லாருக்கும் வணக்கம். நான் கர்நாடக வாய்ப்பாட்டு கத்துக்கிட்டு இருக்கேன், வர்ணம் முடிச்சு இப்போ கீர்த்தனை போய்க்கிட்டு இருக்கு. என் டீச்சர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் வழியில பாடம் பண்ணினவங்க, பாடாந்தரம் (குரு வழியா வந்த பாட்டு வடிவம்) அவ்ளோ சுத்தம், சொல்லிக் குடுக்கறதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா போன வாரம் கிளாஸ்ல ஒரு சங்கதிக்கு (ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடற வடிவம்) நடுவுல ஜி.என்.பி. (ஜி.என்.பாலசுப்ரமணியம்) ரெக்கார்டிங்ல கேட்ட பிருகா (தொண்டையில வேகமா உருள்ற ஸ்வரக் கோவை) ஒண்ணு வந்துடுச்சு, வேணும்னு போடல, கேட்டுக் கேட்டு தானா வாயில வந்துடுச்சு. இது எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டாங்க, சொன்னேன், உடனே முகம் மாறிடுச்சு. நம்ம பாணிக்கு அது ஆகாது, இனிமே அதெல்லாம் கேட்காதன்னுட்டாங்க.

என் ஃப்ரெண்டு ஒருத்தி ஹிந்துஸ்தானி கத்துக்கறா, கிரானா கரானா வழி (கரானான்னா அங்க ஒரு குரு-சிஷ்ய பரம்பரையும் அதோட பாணியும்). அங்கயும் இதே கதைதான், ஜெய்ப்பூர் கரானாக்காரங்க பாடற 'தான்' (வேகமா ஓடற ஸ்வரக் கோவை) ஒண்ணை வீட்ல பாடிப் பாத்தேன்னு சொன்னதுக்கு செம திட்டு வாங்கியிருக்கா.

இந்தப் பகையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? அந்தக் காலத்துப் பாடகர்கள் நிஜமாவே ஒருத்தருக்கொருத்தர் ஆகாம இருந்தாங்களா, இல்ல பின்னாடி வந்தவங்க கட்டி விட்டதா? அப்புறம் முக்கியமா, கேட்கவே கூடாதுங்கறதுல சங்கீத ரீதியா ஏதாவது நியாயம் இருக்கா? யார் பெரியவர்ங்கற சண்டை மட்டும் வேண்டாம் ப்ளீஸ், எனக்கு எல்லாரையும் பிடிக்கும்.

ஜிஞ்ஜோடி ரசிகன்:

கரானா பக்கத்தை நான் சொல்றேன், கர்நாடகம் தெரிஞ்சவங்க அதைப் பாத்துக்கட்டும்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, 19ஆம் நூற்றாண்டுல ஒரு உஸ்தாதுக்கு சொத்துன்னா என்ன இருந்துச்சு? அவர் தெரிஞ்சு வச்சிருந்த பந்திஷும் (ராகத்துல கட்டின பாட்டு), 'தான்' போடற முறையும்தான். எழுத்துல கிடையாது, ரெக்கார்டிங் கிடையாது, கேட்டவன் கத்துக்கிட்டான்னா போச்சு. சமஸ்தானத்துல பாடகருக்கு இருந்த இடமோ கொஞ்சம், வர்றவங்க நிறைய. அதனால நல்ல சரக்கு மகனுக்கு, மருமகனுக்கு, அண்ணன் பையனுக்குன்னு உள்ளேயே போகும், வெளியாளுக்கு கண்டா (சிஷ்யனா ஏத்துக்கிட்டதுக்குக் கட்டற கயிறு) கட்டி பல வருஷம் சேவகம் பண்ணின பிறகுதான் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். கல்யாணத்துல பந்திஷ்களை சீதனமா குடுத்ததா கூட சொல்வாங்க.

குவாலியர் கரானாவுல சொல்ற பழைய கதை ஒண்ணு உண்டு. அரண்மனையில படே முகமது கான்னு ஒருத்தர், 'தான்' போடறதுல அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. ஹத்து கான், ஹஸ்ஸு கான்னு ரெண்டு சகோதரர்கள், அவர் சாதகம் பண்ணும்போது திரைக்குப் பின்னாடி உக்காந்து மாசக்கணக்குல கேட்டு அப்படியே பிடிச்சுட்டாங்களாம். அப்புறம் சபையில அவர் முன்னாடியே அதைப் பாடிக் காட்ட, மனுஷன் கொதிச்சுப் போயிட்டார். இன்னொரு நாள் ரொம்பக் கஷ்டமான ஒரு தானை ஹஸ்ஸு கானை திரும்பத் திரும்பப் பாட வச்சு, அதுலயே ரத்தம் கக்கி அவர் உயிர் போச்சுன்னு கதை முடியும். எவ்வளவு நிஜம்ங்கறது வேற, ஆனா இந்தக் கதையை தலைமுறை தலைமுறையா சொல்லிக் குடுத்திருக்காங்கன்னா அந்த பயம் எவ்வளவு ஆழமா இருந்துச்சுன்னு பாருங்க.

ஆனா சுவர் அவ்ளோ கெட்டியும் கிடையாது, இதைத்தான் இப்ப கரானா பெருமை பேசறவங்க மறந்துடறாங்க. ஆக்ரா கரானாவுக்கு கயால் (ஹிந்துஸ்தானியில முக்கியமான பாட்டு வகை) வந்ததே கக்கே குதா பக்ஷ் குவாலியருக்குப் போய் நத்தன் பீர் பக்ஷ் கிட்ட கத்துக்கிட்டதாலதான். சஹஸ்வான் கரானாவோட இனாயத் ஹுசேன் கான் ஹத்து கானோட மருமகன். பாஸ்கர்புவா பக்லேன்னு ஒரு மகா வித்வான் (1922ல காலமானார்), குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர்னு மூணு கரானாவுலயும் முறையா கத்துக்கிட்டவர், யாரும் அவரை ஒதுக்கல. மல்லிகார்ஜுன் மன்சூர் முதல்ல குவாலியர் வழி, அப்புறம்தான் ஜெய்ப்பூர் வழியில அல்லாதியா கானோட பையன்கள் மஞ்ஜி கான், புர்ஜி கான் கிட்ட போனார்.

இன்னொரு கசப்பான விஷயமும் இதுல இருக்கு. கிரானா குடும்பங்களுக்கு சாரங்கி (பாட்டுக்குப் பக்கவாத்தியமா வில்லால வாசிக்கற தந்தி வாத்தியம்) பாரம்பரியம் உண்டு. சாரங்கிக்காரர்னா அந்தக் காலத்துல பாடகருக்கு ஒரு படி கீழன்னு வச்சிருந்தாங்க, அதனால மத்த கரானாக்காரங்க அவங்களைக் கொஞ்சம் இளக்காரமா பேசினாங்க. அமீர் கானோட அப்பாவும் சாரங்கி கலைஞர்தான், படே குலாம் அலி கானே ஆரம்பத்துல சாரங்கி வாசிச்சவர்தான். இவங்களை விட்டுட்டு 20ஆம் நூற்றாண்டு கயால் வரலாறு எழுத முடியுமா? எனக்கு இதை நினைச்சா இப்பவும் கோபம் வரும். பாதி கரானா பகை சங்கீதத்தைப் பத்தினதே இல்ல, யார் உசத்தி குடும்பம்ங்கறதைப் பத்தினது.

சரி, உங்க ஃப்ரெண்டு விஷயத்துக்கு வர்றேன். கிரானாவுல ஒவ்வொரு ஸ்வரமா நிதானமா நின்னு ராகத்தை விரிப்பாங்க, ஸ்வரம் சுத்தமா நிக்கறதுதான் அவங்களுக்கு உயிர். ஜெய்ப்பூர் அத்ரௌலியில (ஜெய்ப்பூர் கரானாவோட முழுப் பேர்) ஆலாபே, அதாவது ராகத்தை விரிக்கறதே, தாளத்தோட பிணைஞ்சு நகரும், 'தான்' எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு சிக்கலா போகும், ரெண்டு ராகம் சேர்ந்த அபூர்வ ராகங்கள் நிறைய. அல்லாதியா கான் (1855–1946) இளவயசுல அளவுக்கு மீறிப் பாடி குரல் உடைஞ்சு போய், திரும்ப வந்த குரல் பழையபடி இல்லாததால, அதுக்கு ஏத்த மாதிரி புதுசா ஒரு வழியை உண்டாக்கினார்னு சொல்வாங்க. அப்படிப் பாத்தா ஒரு கரானாவோட லட்சணமே பாதி அதை ஆரம்பிச்சவரோட தொண்டையில இருக்கு. அதை இன்னொரு தொண்டையில அப்படியே ஏத்தறது சுலபம் இல்ல, அந்த குரு திட்டினதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

கடைசியா ஒண்ணு. நான் படிச்சதுலயே ரொம்பக் கடுமையான போட்டி வேற வேற கரானாக்காரங்களுக்கு நடுவுல நடந்தது இல்ல, ஒரே கரானாவுக்குள்ள நடந்தது. கேசர்பாய் கேர்கர், மோகுபாய் குர்டீகர் ரெண்டு பேரும் கோவாவுல பிறந்தவங்க, ரெண்டு பேரும் அல்லாதியா கான் சிஷ்யைங்க. கேசர்பாய் 1921ல இருந்து அவர் கிட்ட பாடம். மோகுபாயும் அதே வழியில கத்துக்கறது கேசர்பாய்க்குப் பிடிக்கல. அல்லாதியா கான் சொல்லிக் குடுக்க முடியாத நிலைமையில அவரோட தம்பி ஹைதர் கான் மோகுபாய்க்குப் பாடம் எடுத்தார், கடைசியில அவரும் பம்பாயை விட்டே போக வேண்டியதாச்சு. நடுவுல மோகுபாய் ஆக்ரா கரானா உஸ்தாதுகள் கிட்டயும் கத்துக்கிட்டாங்க. 1934லதான் முறைப்படி அல்லாதியா கானோட சிஷ்யை ஆனாங்க. கேசர்பாய் பாடின பைரவி 1977ல வாயேஜர் விண்கலத்துல போச்சு. மோகுபாயோட பொண்ணுதான் பெரிய பாடகி கிஷோரி அமோன்கர். ரெண்டு பேர்ல யாரைக் குறைச்சு சொல்றது?

காவேரிக்கரை:

ஜிஞ்ஜோடி சார் கடைசியா சொன்னார் பாருங்க, ஒரே வீட்டுக்குள்ள நடந்ததுதான் பெரிய சண்டைன்னு, அதுதான் நம்ம பக்கத்துக்கும் சாவி. பங்காளிக் காய்ச்சல்னு சொல்வோமே, அதேதான். வேற ஊர்க்காரன் நல்லாப் பாடினா சபாஷ் போட்டுட்டுப் போயிடுவான், தன் குருவோட இன்னொரு சிஷ்யன் அதே கீர்த்தனையைத் தன்னை விட நல்லாப் பாடினா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

தோடிப்பிரியா, கொஞ்சம் பொறுமையா இந்த வம்சாவளியைப் படிங்கம்மா. தியாகராஜரோட சொந்தக்காரரும் சிஷ்யருமான மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர். அவர் கிட்ட கத்துக்கிட்டவங்க ரெண்டு பேர், மகா வைத்தியநாதய்யர் (1844–1893), பட்டணம் சுப்ரமணிய ஐயர் (1845–1902). ஒரு வயசுதான் வித்தியாசம், ஒரே குரு, ரெண்டு பேரும் தஞ்சாவூர் ஜில்லா. மகா வைத்தியநாதய்யருக்கு மேல்காலத்துல மின்னல் மாதிரி ஓடற உச்ச ஸ்தாயி குரல், பட்டணத்துக்கு கனமான குரல், நிதானமா ஆழமா பாடி பேகடா ராகத்தைத் தன் பேரோடயே ஒட்ட வச்சுக்கிட்டவர். ரெண்டு பேருக்கும் இருந்த போட்டியைப் பத்தி பேசாத வித்வானே அந்தக் காலத்துல கிடையாது, ரசிகர்களும் ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க.

இப்ப அடுத்த தலைமுறை. பட்டணம் சிஷ்யர் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், அவர் சிஷ்யர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அதே பட்டணம் கிட்ட கத்துக்கிட்ட இன்னொருத்தர் டைகர் வரதாச்சாரியார், அவர் சிஷ்யர் எம்.டி.ராமநாதன். அரியக்குடியோட விறுவிறுப்பான மத்யமகாலத்தையும் (நடு வேகம்) எம்.டி.ஆரோட அசையாத சௌக்கத்தையும் (ரொம்ப நிதானமான வேகம்) பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேளுங்க, ரெண்டும் ஒரே மரத்துக் கிளைன்னு சத்தியம் பண்ணினா கூட நம்ப மாட்டீங்க. மகா வைத்தியநாதய்யர் பக்கத்துல உமையாள்புரம் சுவாமிநாதய்யர், அவர் கிட்ட மகாராஜபுரம் விஸ்வநாதய்யரும் செம்மங்குடியும் கத்துக்கிட்டாங்க. அப்போ உங்க டீச்சரோட வழியும் அரியக்குடி வழியும் எங்க போய் சேருது? அதே மானம்புச்சாவடி வீட்டுத் திண்ணையிலதான். இதுல எது நம்ம பாணி, எது அந்நிய பாணி?

ஜி.என்.பி. கதை கொஞ்சம் வேற. பெரிய குருகுல வாசம்னு எதுவும் இல்லாம, அப்பா கிட்டயும் கேள்வி ஞானத்துலயும் வளர்ந்தவர், இங்கிலீஷ் ஆனர்ஸ் பட்டதாரி. டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்துல கேட்ட அந்த நீள நீளமான பிடிகள், வேகமான பிருகா, அதைத் தொண்டையில கொண்டு வந்தார், அரியக்குடியை மானசீக குருவா வச்சுக்கிட்டு கச்சேரியோட கட்டுக்கோப்பை அவர் கிட்ட இருந்து எடுத்துக்கிட்டார். செம்மங்குடியும் நாகஸ்வரத்தைக் கேட்டு ஊறினவர்தான், அவர் மாமா திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் பிடில்லயே நாகஸ்வரத்தைக் கொண்டு வந்தவர்னு பேர். ரெண்டு பேரும் ஒரே ஊத்துல தண்ணி குடிச்சவங்க, ஒருத்தருக்கு குரல் ஓடும், இன்னொருத்தர் ஓடாத குரலை வருஷக்கணக்கா சாதகம் பண்ணிப் பழக்கினவர். அதுல பிறந்த வித்தியாசத்தைத்தான் நாம பாணின்னு பேர் வச்சு சண்டை போடறோம்.

இன்னொண்ணும் உங்க டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கும். செம்மங்குடி பல வருஷம் முதல்வரா இருந்த திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரிக்கு, அவருக்கு அடுத்து 1964ல முதல்வரா போனவர் ஜி.என்.பி.தான்.

நிஜமாவே முறுக்கிக்கிட்டு நின்ன இடம் வேணும்னா திருவையாத்தைப் பாருங்க. தியாகராஜர் ஆராதனையையே பெரிய கட்சி, சின்ன கட்சின்னு பிரிஞ்சு தனித்தனியா நடத்தினாங்க, ரெண்டு கட்சியும் ஒத்துப் போன ஒரே விஷயம் பெண்களைப் பாட விடக் கூடாதுங்கறது. தன் சொந்தக் காசுல அந்த சமாதிக்கு கோயில் கட்டின பெங்களூர் நாகரத்னம்மாவே பாட முடியாத நிலைமை, அப்புறம் 1927ல அவங்க பெண்களைச் சேர்த்து தனியா நடத்த ஆரம்பிச்சாங்க. 1940லதான் எல்லாம் ஒண்ணாச்சு. மூணு தரப்பும் பாடினது அதே தியாகராஜர் பாட்டைத்தான்.

சுருதிப்பெட்டி:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், ஏன்னா நானும் பாட்டு சொல்லிக் குடுக்கறவ. மேல ரெண்டு பேரும் எழுதினது அத்தனையும் சரி, ஆனா படிச்சா அந்த டீச்சர் ஏதோ குறுகின மனசுக்காரங்க மாதிரி தோணுது, அது எனக்கு சம்மதம் இல்ல.

கீர்த்தனை ஆரம்ப கட்டத்துல இருக்கற பொண்ணு, கமகம் (ஸ்வரத்தை அசைச்சுப் பாடறது) இன்னும் தொண்டையில உக்காரல. அந்த நேரத்துல ஜி.என்.பி. பிருகாவைப் பிடிக்கப் போனா என்ன ஆகும்? வேகம் வரும், ஸ்வரம் வராது. ஒவ்வொரு ஸ்வரமும் அதுஅதோட இடத்துல விழுந்து அதுக்கு மேல வேகம் வந்தா அது பிருகா, இல்லேன்னா குரல் உதறுதுன்னு அர்த்தம். ஜி.என்.பி.க்கு அது இயற்கையா வந்த குரல், அவரைப் பாத்து அந்தக் காலத்துல எத்தனையோ இளம் பையன்கள் அதே மாதிரி ஓட்டப் பாத்து குரலைக் கெடுத்துக்கிட்டாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். அதே ஆபத்து மதுரை மணி ஐயரைக் காப்பி அடிச்சாலும் உண்டு, எம்.டி.ஆரைக் காப்பி அடிச்சாலும் உண்டு. எம்.டி.ஆர் மாதிரி சௌக்கமா பாடறேன்னு கிளம்பி காலப்பிரமாணம் (சீரான வேகம்) நிக்காம இழுத்துக்கிட்டே போறவங்களை நான் கிளாஸ்ல பாத்துக்கிட்டு இருக்கேன், அவரோட சௌக்கத்துக்குள்ள தாளம் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு அவங்களுக்குக் கேட்கறதே இல்ல.

அதனால பாடாதேன்னு சொல்றதுல முழு நியாயம் இருக்கு. கேட்காதேன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. கேட்காம எப்படி ராகம் புரியும்? கரகரப்ரியான்னா உங்க டீச்சர் சொல்லிக் குடுத்த ஒரு வடிவம் மட்டுமா? ஆனா கேட்டதை மறுநாளே கிளாஸ்ல கொண்டு போய் இறக்கக் கூடாது, அது உள்ள கிடந்து ஊறி, உங்க குரலுக்கு ஏத்தது எதுவோ அது மட்டும் வருஷம் கழிச்சு தானா வரும்.

அப்புறம் போட்டியே கெட்டதுங்கற மாதிரி பேசாதீங்க ப்ளீஸ். போட்டி இல்லேன்னா பாதி சங்கீதம் நமக்குக் கிடைச்சிருக்காது. பொப்பிலி கேசவய்யா தஞ்சாவூருக்கு வந்து சிம்மநந்தன தாளத்துல சவால் விட, சியாமா சாஸ்திரி காமாட்சி கிட்ட வேண்டிக்கிட்டுப் போய் சரபநந்தன தாளத்துல பதில் சொன்னார்னு சொல்ற கதையை எடுத்துக்கோங்க, அந்த சந்தர்ப்பத்துல பாடினதுன்னு சொல்ற சிந்தாமணி ராகக் கிருதி இன்னிக்கும் நம்ம கிட்ட இருக்கு. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் (வாயால ஜதி சொல்றது)னு மேடை நிறைய லய வித்வான்களை உக்கார வச்சுக்கிட்டு அத்தனை பேருக்கும் நடுவுல அசையாம பல்லவி (ஒரே வரியை தாளக் கணக்கோட விரிச்சுப் பாடறது) பாடுவார், அதுவும் ஒரு போர்தான். அதைக் கேட்டு வளர்ந்த டி.கே.பட்டம்மாள், பல்லவியெல்லாம் பெண்களுக்கு எதுக்குன்னு நினைச்ச காலத்துல மேடையில ராகம் தானம் பல்லவி பாடிக் காட்டினாங்க, பல்லவி பட்டம்மாள்னே பேர் வந்துச்சு. எதிர்ல ஒருத்தர் இருக்கார், நம்மை விட நல்லா பண்றார்ங்கற உறுத்தல் இல்லாம இந்த உழைப்பு வராது. அந்த உறுத்தல் சாதகத்துல போய் முடிஞ்சா நல்லது, சிஷ்யையோட காதைப் பொத்தறதுல போய் முடியக் கூடாது, அவ்ளோதான்.

தோடிப்பிரியா:

ஐயோ எவ்வளவு விஷயம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காவேரிக்கரை சார், அந்த வம்சாவளியை நோட்டுல வரைஞ்சு வச்சுட்டேன். சுருதிப்பெட்டி மேடம், நீங்க சொன்னது சுருக்குன்னு பட்டுது ஆனா சரிதான், அந்த பிருகாவை நான் ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன், நடுவுல ரெண்டு ஸ்வரம் காணவே காணோம்.

இன்னும் ஒரு சந்தேகம். பாடகர்களே ஒருத்தர் கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் இந்த ஜி.என்.பி. கோஷ்டி, செம்மங்குடி கோஷ்டி, எம்.எஸ். (சுப்புலட்சுமி) ரசிகர், எம்.எல்.வி. (வசந்தகுமாரி) ரசிகர்னு பிரிச்சது யாரு? அப்புறம் ஹிந்துஸ்தானிக்கும் நமக்கும் நடுவுல இந்த மாதிரி போக்குவரத்து இருந்துச்சா, இல்ல அது தனி உலகமாவே இருந்துச்சா?

காவேரிக்கரை:

பிரிச்சது நாமதான்மா, ரசிகர்கள்தான். அரண்மனையில பாடின காலத்துல ராஜா ஒருத்தரைத் திருப்திப்படுத்தினா போதும். சபான்னு வந்து டிக்கெட் போட்டு உக்கார ஆரம்பிச்ச உடனே ஆளாளுக்கு ஒரு கட்சி. டிசம்பர் சீசன்ல ஒரே வாரத்துல எல்லாரையும் அடுத்தடுத்து கேட்கறோம், ஒப்பிடாம இருக்க முடியுமா? விமர்சகர்களும் அதை வளர்த்தாங்க. கல்கி கர்நாடகம்ங்கற பேர்ல எழுதின விமர்சனத்தையும் பின்னாடி சுப்புடு எழுதினதையும் கச்சேரியை விட ஆவலா எதிர்பார்த்த கூட்டமே உண்டு. அடுத்து பட்டம். மியூசிக் அகாடமி குடுக்கற சங்கீத கலாநிதி அரியக்குடிக்கு 1938, செம்மங்குடிக்கு 1947, ஜி.என்.பி.க்கு 1958, மதுரை மணி ஐயருக்கு 1959. செம்மங்குடிக்கும் ஜி.என்.பி.க்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம், பட்டத்துக்கு நடுவுல 11 வருஷம். ரசிகன் சும்மா இருப்பானா, தலைவருக்கு அநியாயம் நடந்துடுச்சுன்னு பேசத்தான் செய்வான், அந்தப் பேச்சு பேரன் காலம் வரைக்கும் வருது.

மேடையில இருந்தவங்க கதை வேற. எம்.எஸ். செம்மங்குடி கிட்டயும் பாடம் பண்ணினாங்க, வீணை தனம்மாள் பேத்தி பிருந்தா கிட்ட பதங்களும் (நிதானமா பாடற காதல் பாட்டுகள்) கத்துக்கிட்டாங்க. தனம்மாள் வீட்டு வழி எவ்வளவு தனி, எவ்வளவு இறுக்கம்னு தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். ஏற்கனவே உச்சியில இருந்த ஒருத்தங்க இன்னொரு வழிக்காரங்க முன்னாடி உக்காந்து பாடம் கேட்டிருக்காங்க. ரசிகர் நாம மட்டும் ஏன் கட்சி கட்டணும்?

ஜிஞ்ஜோடி ரசிகன்:

ஹிந்துஸ்தானி போக்குவரத்து கேட்டீங்களே, அதுக்கு அப்துல் கரீம் கானை விட நல்ல உதாரணம் கிடையாது, உங்க ஃப்ரெண்டோட கிரானா கரானாவை நிலைநிறுத்தினவரே அவர்தான் (1872–1937). மைசூர் அரண்மனைக்கு அடிக்கடி வந்து போனவர், நம்ம வித்வான்கள் ஸ்வரம் பாடற முறையைக் கேட்டுட்டு அதைத் தன் கயால்ல சர்கமா (ஸ்வரப் பேரைச் சொல்லிப் பாடறது) கொண்டு போனார். அங்க இருந்த பழமைவாதிகளுக்கு அது அவ்வளவா பிடிக்கல, ஆனா இன்னிக்கு கயால்ல சர்கம் பாடறது சகஜம். தியாகராஜர் கீர்த்தனை ஒண்ணை கரகரப்ரியாவுல பாடி ரெக்கார்டே குடுத்திருக்கார். கடைசியில அவர் உயிர் பிரிஞ்சதும் நம்ம மண்ணுலதான், 1937 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து பாண்டிச்சேரிக்கு ரயில்ல போகும்போது உடம்பு முடியாம போய் சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷன்ல இறங்கினார், அங்கேயே காலமானார்.

அதே மாதிரி கரானா சுவரை ரொம்ப உடைச்சது கிராமபோனும் ரேடியோவும்தான். 1902ல இந்தியாவுல ரெக்கார்டிங் ஆரம்பிச்ச பிறகு திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்கார வேண்டிய அவசியமே இல்லாம போச்சு, ரெக்கார்ட் தட்டை வாங்கினா போதும். பாத்கண்டேங்கற சங்கீத ஆராய்ச்சியாளர் உஸ்தாதுகள் கிட்ட அலைஞ்சு திரிஞ்சு சேகரிச்ச பந்திஷ்களை ஆறு பாகமா அச்சுல போட்டுட்டார், அதுக்காக அவர் மேல வருத்தப்பட்ட குடும்பங்களும் உண்டு, அவங்க பக்கத்துல இருந்து பாத்தா அது அவங்க வயித்துப் பிழைப்பு, அதையும் மறந்துடக் கூடாது. அப்புறம் அமீர் கான் மாதிரி ஒருத்தர் அப்துல் வாஹித் கானோட நிதானத்தை எடுத்தார், அமான் அலி கானோட சர்கத்தை எடுத்தார், ரஜப் அலி கானோட தானை எடுத்தார், கலந்து தனக்குன்னு ஒரு வழி பண்ணிக்கிட்டார், இப்ப அதையே தனி கரானான்னு சொல்றாங்க. கிஷோரி அமோன்கரும் அம்மா கிட்ட அசல் ஜெய்ப்பூர் பாடம் எடுத்துட்டு, ஆலாபை நீட்டி பாவத்துக்கு இடம் குடுத்தாங்க, இது ஜெய்ப்பூரே இல்லன்னு திட்டினவங்க நிறையப் பேர். இப்ப ஜெய்ப்பூர்னு சொன்னா இளம் பிள்ளைங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்ற குரல் அவங்களோடதுதான்.

உங்க ஃப்ரெண்டு கிட்ட சொல்லுங்க, அப்துல் கரீம் கானோட ஜிஞ்ஜோடி ராகத்தையும் கேசர்பாயோட லலித் ராகத்தையும் ஒரே நாள்ல கேட்கச் சொல்லுங்க, தம்பூராவைத் தொடாம வெறுமனே கேட்கச் சொல்லுங்க.

சுருதிப்பெட்டி:

தோடிப்பிரியா, ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன்னு சொன்னீங்களே, அதைப் பண்ற பொண்ணு கெட்டுப் போகாது. கரகரப்ரியாவையே எடுத்துக்கோங்க, உங்க டீச்சர் பாடினதை முதல்ல மனசுல நல்லா வாங்கிக்கிட்டு, அப்புறம் செம்மங்குடி பாடினது, மதுரை மணி ஐயர் பாடினது, ஜி.என்.பி. பாடினது எல்லாத்தையும் கேளுங்க. ரிஷபத்துல யார் எவ்வளவு நேரம் நிக்கறாங்க, காந்தாரத்தை எப்படி அசைக்கறாங்க, நிஷாதத்துக்கு எப்படிப் போறாங்கன்னு மட்டும் பாருங்க. அப்புறம் கிளாஸ்ல யார் பேரையும் எடுக்காம, இந்தக் காந்தாரத்தை இன்னும் கொஞ்சம் கம்மியா அசைச்சா தப்பா டீச்சர்னு கேளுங்க. பாணியைப் பத்திக் கேட்டா சண்டை வரும், காந்தாரத்தைப் பத்திக் கேட்டா எந்த டீச்சரும் உக்காந்து அரை மணி நேரம் பாடிக் காட்டுவாங்க.